மனச்சோர்வுக் குளுசையைப் பயத்துக்கு ஏன் கொடுக்கிறார்கள்?

இந்த இதழின் சுகாதாரப் பாடம் ஒரு குளுசையைப் பற்றியது. உங்கள் லயத்திலேயே யாராவது ஒருவர் வீட்டில், துணிகளுக்கு அடியில், பிறர் கண்ணில் படாமல் அது இருக்கக்கூடும். பாதி சாப்பிட்டு மீதியை அப்படியே விட்டிருக்கவும் கூடும். ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வரும். "அது பைத்தியக்காரங்களுக்குக் குடுக்கிற மருந்தாமே" என்பது ஒன்று. "ஒரு கிழமை போட்டேன், ஒரு சொகமும் இல்ல, இன்னும் கூடத்தான் செஞ்சிச்சு" என்பது மற்றது.

முதல் பதில் தவறு. இரண்டாவது பதில் உண்மைதான். ஆனால் இரண்டாம் கிழமையும் மூன்றாம் கிழமையும் என்ன நடக்கும் என்று அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. அதனால் சுகம் கிடைக்கப்போகிற நேரத்தில் மருந்தை விட்டுவிடுகிறார்கள்.

நெஞ்சு ஏன் இப்படி அடிக்கின்றது?

தோட்டங்களில் வழக்கமாக நடக்கிற கதை இது. நிரையில் நின்று கொழுந்து எடுத்துக்கொண்டிருக்கும் ஓர் அக்காவுக்குத் திடீரென்று நெஞ்சு படபடவென்று அடிக்கின்றது. மூச்சு முட்டுகின்றது. கைவிரல் மரத்துப் போகின்றது, உடம்பெல்லாம் வேர்க்கின்றது. "இப்பவே செத்துருவேன் போல இருக்கு" என்று உட்கார்ந்துவிடுகிறார். பக்கத்து நிரைக்காரர்கள் கூடையை இறக்கி, படங்கை அவிழ்த்து, முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார்கள். பத்து நிமிடத்தில் உச்சத்துக்குப் போனது, அரை மணித்தியாலத்துக்குள் தானாகவே தணிந்துவிடுகின்றது. டிஸ்பென்சரிக்குக் கொண்டுபோய்ப் பிரஷர் பார்த்தால் குறை ஒன்றும் தெரிவதில்லை. அடுத்த கிழமை மறுபடியும் வருகின்றது. அதன் பிறகு அந்த மலைக்குப் போகப் பயம். ஹட்டனுக்கு பஸ் ஏறப் பயம். திருவிழாக் கூட்டத்தில் நிற்கப் பயம். கடைசியில் காம்பராவை விட்டு வெளியே வருவதற்கே பயம்.

வைத்தியர்கள் இதைப் பதகளிப்பு நோய் என்பார்கள். இப்படித் திடீரென்று வந்து போவதைப் பீதித் தாக்கம் என்று தனியாகவும் சொல்வதுண்டு. வேறு சிலருக்குத் தாக்கம் என்று ஒன்றும் வராது. மாதக்கணக்காக ஓயாத கவலை இருக்கும். ராவில் தூக்கம் பிடிக்காது, தோளும் கழுத்தும் இறுகி வலிக்கும், வயிறு கலங்கும், கதவு சாத்துகிற சத்தத்துக்கும் தூக்கிவாரிப் போடும். அதுவும் பதகளிப்புதான்.

பயம் என்பதே நோய் என்று யாரும் நினைக்க வேண்டாம். குளவிக் கூட்டுக்குப் பயப்படாதவர் மலையில் வேலை செய்ய முடியாது. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மனிதர்களையும் மண் மூடியதை நாம் மறக்கவில்லை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின்போது மலையகத்தில் மறுபடியும் மண் சரிந்து உயிர்கள் போயின. கூரையில் அடைமழை இரைகிறபோது விழித்திருந்து மலையைப் பார்க்கிறவருடைய பயம் நியாயமான பயம்.

அந்தக் காலத்தில் விடியற்காலையில் பெரட்டுக்குத் தப்பு அடிப்பார்கள். தப்புச் சத்தம் கேட்டால் எல்லாரும் எழும்பி ஓட வேண்டும். நம் மூளையிலும் அப்படி ஒரு தப்பு இருக்கிறது. ஆபத்து வந்தால் அது அடிக்கும், நெஞ்சு வேகமாகத் துடிக்கும், காலுக்கு ஓடுகிற பலம் வரும். ஆபத்தே இல்லாத நடுச்சாமத்தில் அந்தத் தப்பு தானாக அடிக்கத் தொடங்கி, நிறுத்த ஆளில்லாமல் போனால் அதுதான் நோய்.

முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும்

நெஞ்சு படபடப்பு எல்லாமே பயத்தினால் வருவதல்ல. இரத்தம் குறைந்தாலும் நெஞ்சு அடிக்கும், மூச்சு வாங்கும். நமது பெண்களிடையே இது ஏராளம். தைரொயிட் சுரப்பி அளவுக்கு மிஞ்சி வேலை செய்தாலும் கை நடுங்கும், மெலிவு உண்டாகும், நெஞ்சு அடிக்கும். நாள்தோறும் சாராயம் குடித்தவர் திடீரென்று நிறுத்தினாலும் நடுக்கமும் பீதியும் வரும், அது ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்க வேண்டிய விஷயம். ஆகவே இரத்தப் பரிசோதனையும் தேவைப்பட்டால் ஈசீஜியும் எடுத்த பிறகுதான் வைத்தியர் பதகளிப்பு என்று முடிவு செய்வார். நெஞ்சை அமுக்குகிற வலி வந்து கைக்கோ தாடைக்கோ பரவினால், வயது போனவராக இருந்தாலும் இளம் வயதினராக இருந்தாலும், "அது பயம்தான்" என்று வீட்டில் வைத்திருக்காதீர்கள். 1990க்கு அழைத்து அம்புலன்ஸ் கேளுங்கள்.

பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்

இந்த மருந்துகளுக்கு மனச்சோர்வு நீக்கிகள் என்று பெயர். "எனக்குச் சோர்வு ஒண்ணும் இல்லையே ஐயா, பயம்தானே, மருந்து மாத்திக் குடுத்துட்டாங்களோ?" என்று கேட்கிறவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் ஒரு பழைய கதையில் இருக்கிறது.

1957ஆம் ஆண்டு சுவிட்சர்லாந்தில் ரோலண்ட் கூன் என்ற வைத்தியர், இமிப்பிரமின் என்ற மருந்து மனச்சோர்வைக் குணப்படுத்துவதாக எழுதினார். அதற்குப் பிறகு நியூயோர்க்கில் ஹில்சைட் என்ற மனநல வைத்தியசாலையில் டொனால்ட் கிளைன் என்ற வைத்தியர் வேலை செய்தார். அங்கே சில நோயாளிகள் ஒரு நாளைக்குப் பல தடவை தாதிமார் இருக்கிற மேசைக்கு ஓடி வருவார்கள். "சாகப் போறேன், பிடிச்சுக்குங்க" என்று கெஞ்சுவார்கள். வேறு மருந்துகள் அவர்களுக்குப் பலன் தரவில்லை. கிளைன் இமிப்பிரமினைக் கொடுத்துப் பார்த்தார். ஒன்றிரண்டு கிழமையில் எந்த மாற்றமும் தெரியவில்லை. மூன்று கிழமை அளவில் கேட்டபோதும் நோயாளி "ஒரு சுகமும் இல்லை" என்றுதான் சொன்னார். ஆனால் தாதிமார் வேறொன்றைக் கவனித்திருந்தார்கள். ஓடி ஓடி வந்தவர் இப்போது மேசைக்கு ஓடி வருவதில்லை! பீதித் தாக்கம் நின்றுவிட்டது. "மறுபடி வந்திருமோ" என்ற எதிர்பார்ப்புப் பயம் மட்டும் மிச்சம் இருந்தது. அதனால்தான் அவருக்குச் சுகம் தெரியவில்லை. 1962இல் கிளைனும் மெக்ஸ் ஃபிங்கும் இதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

ஆகவே மருந்து முதலில் எந்த நோய்க்குப் பயன்பட்டதோ அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது, அவ்வளவுதான். காய்ச்சலுக்கும் தலையிடிக்கும் நம் பெரியவர்கள் போட்ட அஸ்பிரினைத்தான் இன்று மாரடைப்பு வந்தவர்களுக்குச் சிறிய அளவில் தினமும் கொடுக்கிறார்கள். அவர்களுக்குத் தலையிடி என்று யாரும் சொல்வதில்லையே.

பின்னர் புளுவொக்செட்டின் (அமெரிக்காவில் 1987இல் அனுமதிக்கப்பட்டது), செட்ராலின் போன்ற புதியவை வந்தன. இமிப்பிரமினைவிட இவற்றில் தொந்தரவு குறைவு, தவறுதலாக அளவு கூடினாலும் ஆபத்து ஒப்பளவில் குறைவு. அதனால் பதகளிப்புக்கு இன்று பெரும்பாலும் இவற்றைத்தான் முதலில் எழுதுகிறார்கள். உலக சுகாதார தாபனத்தின் 2023ஆம் ஆண்டு அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் பதகளிப்பு நோய்க்குரிய மருந்தாகப் புளுவொக்செட்டின் இருக்கிறது.

முதல் பதினைந்து நாள்

தயவுசெய்து இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டில் உள்ளவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். கிளினிக்கில் நடக்கக்கூடிய பேச்சு ஒன்றைக் கீழே தருகிறோம்.

"ஐயா, இந்தக் குளுசை போட்டதிலிருந்து நெஞ்சு இன்னும் கூட அடிக்குதே. வயித்தப் பெரட்டுது. ராவுல கண்ணு மூட முடியல."

"எத்தன நாளாச்சும்மா?"

"இன்னிக்கோட ஆறு நாளு."

"சரி. சாகணும்னு ஏதும் நெனப்பு வருதா? ஒரு எடத்துல உக்கார முடியாம தவிப்பு?"

"அப்பிடியெல்லாம் இல்லீங்க. பயமா இருக்கு, அவ்வளவுதான்."

"அப்ப பொறுத்துக்கம்மா. இது மருந்து ஒடம்புல புடிக்கிற நேரம். இன்னும் ஒரு கிழமையில வயித்துப் பெரட்டல் கொறையும். காலையில சாப்புட்டுட்டுப் போடு. அளவ நான் இன்னும் கொஞ்சம் கொறச்சுத் தாறேன். நீயா நிறுத்திறாத."

மூளையில் நரம்புக்கும் நரம்புக்கும் இடையில் செய்தி கொண்டு போகிற பொருள்களில் செரட்டோனின் ஒன்று. குளுசை போட்ட சில மணித்தியாலங்களிலேயே நரம்பு இடைவெளிகளில் அது கூடத் தொடங்குகின்றது. ஆனால் அந்த மாற்றத்துக்கு மூளை தன்னைச் சரிப்படுத்திக்கொள்வதற்குக் கிழமைகள் எடுக்கின்றன. பயம் குறைவது அப்படிச் சரிப்பட்ட பிறகுதான். மருந்து வேலை செய்கிற முழு விதமும் விஞ்ஞானிகளுக்கு இன்னும் பிடிபடவில்லை, ஆனால் பல பரிசோதனைகளில் வெறும் மாவுக் குளுசை கொடுத்தவர்களைவிட இது கொடுத்தவர்கள் அதிகம் பேர் சுகப்பட்டிருக்கிறார்கள்.

ஆகவே முதலில் வருவது தொந்தரவு: குமட்டல், தலையிடி, வயிற்றோட்டம், ஒருவித நடுக்கம், தூக்கக் குறைவு. இவை பெரும்பாலும் ஒன்றிரண்டு கிழமையில் தணிந்துவிடும். பதகளிப்பு உள்ளவர்களுக்கு நெஞ்சில் சின்ன மாற்றம் தெரிந்தாலும் பயம் கூடும் என்பதால், நல்ல வைத்தியர்கள் வழக்கமான அளவில் பாதியில் தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டுவார்கள். சுகம் தெரியத் தொடங்குவது இரண்டாம் கிழமைக்கும் நான்காம் கிழமைக்கும் இடையில். முழுப் பலன் தெரிய ஆறு முதல் எட்டுக் கிழமை, சிலருக்குப் பன்னிரண்டு கிழமையும் ஆகலாம்.

அந்த நியூயோர்க் தாதிமாரின் வேலையை இங்கே வீட்டுக்காரர் செய்ய வேண்டும். தாக்கம் வந்த நாளுக்குக் கலண்டரில் ஒரு புள்ளி வையுங்கள். "எனக்கு ஒண்ணும் கொறையல" என்று மனைவி சொல்கிறபோது, போன மாதத்துப் புள்ளியையும் இந்த மாதத்துப் புள்ளியையும் எண்ணிக் காட்டுங்கள். வைத்தியருக்கும் அந்தக் கலண்டர் நல்ல உதவி.

பொறுக்கக் கூடாத சில அடையாளங்களும் உண்டு. சாகிற நினைப்பு வந்தால், ஓரிடத்தில் நிற்க முடியாத தவிப்பு இருந்தால், தூங்காமலே அளவு மிஞ்சிய உற்சாகத்தோடு ஓயாமல் பேசினால், உடம்பில் தடிப்பு எழும்பினால், அடுத்த கிளினிக் திகதிவரை காத்திராமல் அன்றே வைத்தியரிடம் போங்கள். சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் ஆரம்பக் கிழமைகளில் தற்கொலை எண்ணம் கூடலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004இல் எச்சரித்து, 2007இல் அதை 24 வயதுவரை நீட்டியது. ஆகவே அந்த வயதுப் பிள்ளைகள் மருந்து தொடங்கினால் முதல் மாதம் கூடவே இருந்து கவனியுங்கள். குளுசைகளையும் மரக்கறிப் பாத்திக்கு வாங்கி வைத்த கிருமிநாசினிப் போத்தல்களையும் பூட்டி வையுங்கள். எந்த நேரமானாலும் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்குப் பேசலாம். தமிழில் பேச வேண்டும் என்று கேளுங்கள்.

அந்தச் சின்னக் குளுசை

"எனக்கு டயசிபாம் போட்டா உடனே சொகமாகுதே, அதையே குடுக்கலாமே" என்பார்கள். உண்மைதான், அது அரை மணித்தியாலத்தில் அமைதி தரும். அதனால்தான் அது ஆபத்து. சில கிழமை தொடர்ந்து போட்டால் உடம்பு அதற்குப் பழகிவிடும், அளவு கூடக் கூடக் கேட்கும், நிறுத்தினால் பழைய பயம் இரட்டிப்பாகத் திரும்பும். முதல் இரண்டு மூன்று கிழமையைக் கடக்க வைத்தியர் சிறிதளவு கொடுக்கலாம். அதற்கு மேல் துண்டில்லாமல் தெரிந்த கடையில் வாங்கிப் போடுவதும், பக்கத்துக் காம்பராவுக்கு இரண்டு கடன் கொடுப்பதும் கூடாது. மனச்சோர்வு நீக்கிகள் அப்படி வெறி ஏற்றுபவை அல்ல, போடப் போட அளவு கூட்டிக் கேட்பவையும் அல்ல.

மலையில் வேலை செய்கிறவர்களுக்கு

இமிப்பிரமின், அமிட்ரிப்டிலின் ஆகிய பழைய மருந்துகள் வாயை உலர்த்தும், மலச்சிக்கல் தரும். உட்கார்ந்து எழும்பும்போது தலை சுற்றவும் செய்யும். சரிவில் கூடையோடு நிற்கிறவருக்கு இது சின்ன விஷயமல்ல. இவற்றைப் பெரும்பாலும் ராவில் போடச் சொல்வார்கள். காலையில் படுக்கையை விட்டுச் சட்டென்று எழும்பாமல், கொஞ்சம் உட்கார்ந்திருந்து எழும்புங்கள். புளுவொக்செட்டின் தூக்கத்தைக் கெடுக்கலாம் என்பதால் காலையில் போடுவதே நல்லது. பெரட்டுக்குப் போகுமுன் ரொட்டியோடு சேர்த்துப் போட்டால் குமட்டலும் குறையும்.

இடுப்பு வலிக்கு டைக்கிளோபெனாக், இபுபுரூபன் போடாதவர்கள் நம்மிடையே குறைவு. புளுவொக்செட்டின், செட்ராலின் வகையோடு அவற்றைச் சேர்த்தால் வயிற்றில் இரத்தக் கசிவு ஏற்படுகிற ஆபத்து கூடும். டிரமடோல் என்ற வலிக் குளுசையும் இவற்றோடு ஒத்துக்கொள்ளாது. என்னென்ன குளுசை போடுகிறீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். சாராயத்தை விட்டுவிட வேண்டும். ஒரு நாள் குளுசை மறந்துபோனால் மறுநாள் இரண்டாகப் போடக் கூடாது.

கர்ப்பம் என்று தெரிந்தவுடன் பயந்துபோய் மருந்தை நிறுத்தாதீர்கள். குடும்பநல மாதுவிடம் சொல்லி வைத்தியரைப் பாருங்கள். தொடர்வதா மாற்றுவதா என்பதை அவர் தீர்மானிப்பார். பால் கொடுக்கிற தாய்மாருக்கும் பொருத்தமான மருந்து உண்டு.

எவ்வளவு காலம்?

சுகம் வந்த பிறகும் குறைந்தது ஆறு மாதம், பலருக்கு ஒரு வருடம். நெஞ்சு அடங்கிய மறுமாதமே நிறுத்தினால் நோய் திரும்புவது அதிகம். நிறுத்தும்போது வைத்தியர் சொல்கிறபடி படிப்படியாகக் குறைக்க வேண்டும். சட்டென்று விட்டால் தலை சுற்றல், எரிச்சல், தலைக்குள் கரண்ட் பாய்வதுபோல ஓர் உணர்வு எல்லாம் வரலாம்.

2022இல் நாடு பொருளாதார நெருக்கடியில் இருந்தபோது வைத்தியசாலைகளில் பல மருந்துகளுக்குத் தட்டுப்பாடு வந்தது. அப்படி ஒரு நிலைமையில் வெளியில் வாங்க நேர்ந்தால், கொம்பனிப் பெயரைக் கேட்காமல் மருந்தின் சொந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஒரே மருந்தைப் பல கொம்பனிகள் பல பெயரில், பல விலையில் விற்கின்றன. சொந்தப் பெயரில் மருந்து வாங்கும் முறைக்காக இந்நாட்டில் பாடுபட்டவர் பேராசிரியர் சேனக்க பிபிலே. 1971இல் தொடங்கிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் அவர். ஏழை நோயாளியின் பையைப் பற்றி யோசித்த மனிதர்.

குளுசை செய்யாதது

கடனை அது அடைக்காது. ஒழுகுகிற கூரையைத் தைக்காது. குடித்துவிட்டு அடிக்கிற கணவனைத் திருத்தாது. பயத்துக்குக் காரணம் அதுவாக இருந்தால் நலன்புரி உத்தியோகத்தரிடமும் மாதுவிடமும் அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பேச்சு வழியாகச் செய்யும் சிகிச்சையும் பதகளிப்புக்கு மருந்தளவு பலன் தரக்கூடியது, இரண்டையும் சேர்த்தும் செய்யலாம். அதில் ஒரு பகுதி வீட்டிலேயே செய்யக்கூடியது. பயந்து ஒதுக்கிய இடத்துக்குச் சிறிது சிறிதாகப் போய்ப் பழகுவது. இன்று பஸ் தரிப்பிடம் வரை, அடுத்த கிழமை ஒரு தரிப்பிடம் தாண்டி, பிறகு ஹட்டன் வரை. முதலில் அக்கா தங்கச்சி யாராவது கூடப் போகலாம்.

கோடங்கியிடம் போவதை நாம் குறை சொல்லவில்லை. கோயிலில் திருநீறு போட்டால் மனசுக்குத் தைரியம் வரும், வரட்டும். ஆனால் கடன் வாங்கிக் கோழியும் காசும் கொடுத்துவிட்டு, இலவச கிளினிக்குக்குப் போக பஸ் காசில்லை என்பது நமக்குச் சரியாகப் படவில்லை.

ஒரு காலத்தில் மனநோய் என்றால் அங்கொடைதான். அதனால்தான் அந்த ஊர்ப் பெயரே நம் வாயில் வசைச் சொல்லாகிப் போனது. 2005ஆம் ஆண்டு மனநலக் கொள்கைக்குப் பின் மனநலத்துக்கென்று பயிற்சி பெற்ற வைத்தியர்கள் மாவட்டங்களுக்கு வரத் தொடங்கினார்கள். இப்போது நீங்கள் கொழும்புப் பக்கம் போக வேண்டியதில்லை. நுவரெலியா பொது வைத்தியசாலையிலோ டிக்கோயா கிளங்கன் ஆதார வைத்தியசாலையிலோ வெளிநோயாளர் பிரிவில், மனநல கிளினிக் எந்த நாளில் என்று கேளுங்கள். கேட்கிறவரைப் பைத்தியம் என்று அங்கே யாரும் நினைக்கப் போவதில்லை.

கிளினிக் நாளில் ஒரு பேர் போகிறது என்பது எங்களுக்கும் தெரியும். மாதம் ஒரு நாள் சம்பளம் என்பது நாட்கூலிக்காரருக்குச் சின்ன நட்டமல்ல. கிளினிக் கொப்பியைக் காட்டுகிறவருக்கு அரைப் பேராவது கிடைக்க வழி செய்யுமாறு தோட்ட நிர்வாகத்தையும் தொழிற்சங்கத் தலைவர்களையும் கேட்டுக்கொள்கிறோம். சுகப்பட்டவர்களுக்கு வைத்தியர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை திகதி கொடுப்பதும் உண்டு, கேட்டுப் பாருங்கள்.

போகும்போது கொப்பியையும் மிச்சமுள்ள குளுசைகளையும் கலண்டரையும் கொண்டு போங்கள். அடைமழைக் காலத்தில் மண் விழுந்து பாதை அடைபடும் தோட்டங்களில் உள்ளவர்கள், ஒரு கிழமைக்கு மேலதிகமாகக் குளுசை தரும்படி முன்கூட்டியே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.